சர்க்கரைக் கட்டியும் பிளவுண்ட பாறையும்

பூமிக்கு அடியில் எண்ணெய் எவ்வாறு இருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவர்களைக் கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர் கரும்பலகையில் ஒரு குகையை வரைந்து, அதனுள் கறுப்புத் திரவத்தை நிரப்பிக் காட்டுவார்கள். அதன்மேல் ஒரு குழாயும் இருக்கும். எண்ணெய்க் கடல், எண்ணெய் ஊற்று என்று நாம் எழுதிப் பழகிய சொற்களின் விளைவு அது. சற்று விவரம் அறிந்த மாணவர் ஒருவர் எழுந்து, "குகை இல்லை சார், பஞ்சு மாதிரி பாறை" என்று திருத்துவார். அவரைப் பாராட்டிவிட்டு, அந்தப் பஞ்சும் முழு உண்மையன்று என்று சொல்லுவேன். உலகின் பெரிய எண்ணெய்த் தேக்கங்கள் பலவற்றில் அந்தப் பஞ்சு குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து கிடக்கிறது. ஈரானில் 1908-ஆம் ஆண்டில் மஸ்ஜித் சுலைமான் என்னும் இடத்தில் எண்ணெய் பீறிட்டது அத்தகைய பிளவுண்ட சுண்ணாம்புப் பாறையிலிருந்துதான்.

இந்தப் பிளவுகளை அறிவியலார் எவ்வாறு கணக்கிற்குள் கொண்டுவந்தார்கள்? அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு ஒரே ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாரன், ரூட் என்னும் இருவர் வெளியிட்ட மாதிரி அது. சர்க்கரைக் கட்டி மாதிரி என்பது அதன் செல்லப் பெயர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எண்ணெய்ப் பொறியியலில் அது இன்றும் பாடமாக இருக்கிறது. ஒரு நூலை மதிப்பிடுவதுபோல ஓர் அறிவியல் மாதிரியையும் மதிப்பிடலாம் என்பது என் கருத்து. அதன் நிறை என்ன, குறை என்ன, குறையில் மாதிரியின் பங்கு எவ்வளவு, அதைக் கையாள்பவரின் பங்கு எவ்வளவு என்று பார்ப்போம்.

ஆழ்துளைக் கிணறு தரும் பாடம்

எண்ணெய்க்குப் போகுமுன் நமக்குத் தெரிந்த தண்ணீரிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கருங்கல் பூமி. அங்கே வளர்ந்த மாணவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார்: "எங்கள் தோட்டத்தில் போர் போட்டால், காலையில் மோட்டார் போட்டவுடன் தண்ணீர் நன்றாக ஊற்றுகிறது. இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் ஊற்றுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் முப்பது அடி தள்ளிப் போட்ட போரில் புழுதிதான் வந்தது. ஏன் சார்?"

இந்தக் கேள்வியில் நம் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. கருங்கல்லில் நீர் ஓடும் வழி பிளவு. பிளவைத் தொட்ட கிணற்றில் நீர் வரும். தொடாத கிணற்றில் புழுதி வரும். பிளவு விரைவாகக் கொடுக்கும், ஆனால் அதன் கொள்ளளவு சிறிது. அதில் உள்ளதை மோட்டார் இழுத்துவிட்டபின், மேலே சிதைந்து கிடக்கும் மண்பாறையில் ஊறிய நீர் மெல்ல மெல்லக் கசிந்து பிளவை மறுபடி நிரப்ப இரவு முழுவதும் வேண்டியிருக்கிறது. கொடுப்பது ஒன்று, வைத்திருப்பது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்து அறிவதே பிளவுண்ட பாறையை அறிவதன் முதற்படி.

சிறிது கணக்கு

வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உள்ள ஒரு பாறைக் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுண்துளைகள் மொத்தக் கன அளவில் 30 சதவீதம் என்போம். அப்படியானால் 1 கன மீட்டர் பாறையில் 300 லிட்டர் எண்ணெய் தங்க இடம் உண்டு. இப்போது இந்தக் கட்டிகளை மூன்று திசைகளிலும் அடுக்கி, அடுத்தடுத்த கட்டிகளுக்கிடையே 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இது ஏறக்குறைய ஒரு தாளின் கனமே ஆகும். ஒரு கட்டிக்கு உரிய பிளவின் கொள்ளளவு எவ்வளவு? ஒரு திசைக்கு 0.1 லிட்டர், மூன்று திசைகளுக்கும் சேர்த்து 0.3 லிட்டர், அதாவது 300 மில்லிலிட்டர். பாறைக்குள் 300 லிட்டர், பிளவில் 300 மில்லிலிட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு!

இனி ஓட்டத்தைப் பார்ப்போம். ஒரு பாறை திரவத்தைத் தன்னூடே எவ்வளவு எளிதில் விடுகிறது என்பதை ஊடுருவு திறன் என்கிறோம். அதன் அலகு டார்சி. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த பொறியியலார் ஒருவரின் பெயர் அது. நம் கட்டியின் உள்ளே ஊடுருவு திறன் 1 மில்லிடார்சி என்று கொள்வோம். இரு இணைத் தட்டுகளுக்கிடையே பாகுத்தன்மையுள்ள திரவம் செல்லும் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே. அதைக்கொண்டு கணக்கிட்டால், 1 சதுர மீட்டர் முகப்பில் 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு பிளவு இருந்தாலும், அது அந்த முகப்பு முழுவதற்கும் 84 மில்லிடார்சி ஊடுருவு திறனைத் தந்துவிடுகிறது. அதாவது கட்டி முழுவதும் சேர்ந்து விடுவதைப்போல 84 மடங்கு திரவத்தை ஒரு தாளின் கனமுள்ள பிளவு விடுகிறது.

மும்மடி விதிக்கு மற்றொரு முகமும் உண்டு. பிளவு 0.2 மில்லிமீட்டர் ஆனால் ஓட்டம் 8 மடங்காகும். 0.05 ஆகச் சுருங்கினால் எட்டில் ஒரு பங்காகிவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றம் ஒரு கிணற்றின் வாழ்வையே மாற்றிவிடும். பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள பிளவின் அகலத்தை 0.05 மில்லிமீட்டர் திருத்தமாக அளக்க யாராலும் இயலாது என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியின் அழகு

1960-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டில் பாரென்பிளாட், ஷெல்தோவ், கோச்சினா ஆகிய மூவர் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டனர். பிளவுண்ட பாறையின் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அழுத்தத்திற்குப் பதிலாக இரண்டு அழுத்தங்களைக் கொள்ளவேண்டும் என்றனர்: ஒன்று பிளவில் உள்ள அழுத்தம், மற்றொன்று கட்டிக்குள் உள்ள அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிற்கு ஏற்பத் திரவம் கட்டியிலிருந்து பிளவுக்கு வரும். மூன்றாண்டுகளுக்குப்பின் வாரனும் ரூட்டும் இக்கருத்துக்கு ஓர் உருவம் கொடுத்தனர். தாறுமாறாகப் பிளந்த உண்மையான பாறையின் படத்திற்குப் பக்கத்தில், ஒரே அளவுள்ள செவ்வகக் கட்டிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படம் ஒன்றை வைத்தனர். அடுக்கி வைத்த சர்க்கரைக் கட்டிகள்போல அது இருந்ததால் அப்பெயர் நிலைத்தது.

திருவிழா முடிந்த ஊரை நினைத்துப் பாருங்கள். தெருவில் நிற்பவர் சிலர். வீடுகளுக்குள் இருப்பவர் பலர். ஊர் எல்லையில் பேருந்து வந்து நிற்கிறது. முதலில் தெருவில் நின்றவர்கள் விரைந்து வந்து ஏறுகிறார்கள். பிறகு சற்றுத் தொய்வு. அதன்பின் வீட்டுக்குள் இருந்தவர்கள் குறுகிய வாயில்கள் வழியே ஒவ்வொருவராக வெளிவந்து தெருவில் நடந்து வருகிறார்கள். தெரு பிளவு, வீடு பாறைக் கட்டி. பேருந்து நிற்குமிடம் எண்ணெய்க் கிணறு.

இதையே அழுத்த அளவீட்டில் காணலாம் என்று அவ்விருவரும் காட்டினர். கிணற்றைத் திறந்து எண்ணெயை ஒரே சீராக எடுத்தபடி, அழுத்தம் குறைவதைக் காலத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் முதலில் ஒரு நேர்கோடு வரும். அப்போது பிளவு மட்டும் கொடுக்கிறது. அடுத்து அழுத்தம் சிறிது நேரம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும்; கட்டிகள் கொடுக்கத் தொடங்கிவிட்டன. பிறகு முதற்கோட்டிற்கு இணையாக இரண்டாவது நேர்கோடு வரும். இப்போது இரண்டும் சேர்ந்து கொடுக்கின்றன. இரு கோடுகளுக்கும் இடையேயுள்ள விலக்கத்திலிருந்து, மொத்தக் கொள்ளளவில் பிளவின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடலாம். நடுவில் உள்ள தட்டையான பகுதி எப்போது வருகிறது என்பதிலிருந்து, கட்டி எவ்வளவு எளிதில் கொடுக்கிறது என்று அறியலாம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள சிக்கலான பாறையின் இயல்பை இரண்டே எண்களில் அடக்கிவிட்டார்கள்!

இது சாதாரணச் செயலன்று. எதை விட்டுவிடலாம் என்று அறிவதே மாதிரி செய்பவரின் முதல் திறமை. கட்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது என்பது வாரனுக்கும் ரூட்டுக்கும் தெரியாததா? தெரிந்தே விட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒரே திரவம் இருக்கும்போது கிணற்றில் அழுத்தம் எவ்வாறு மாறும்? அந்தக் கேள்விக்கு அவர்களின் விடை இன்றும் நிற்கிறது. குறை சொல்லப் புகுமுன் இதைச் சொல்லிவிடுவது முறை.

முதற்குறை: கோடும் பாறையும்

பாறை இப்படியிருந்தால் கோடு இப்படி வரும் என்பது மாதிரி தரும் வாக்கு. கோடு இப்படி வந்தால் பாறை இப்படித்தான் இருக்கும் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்ட வாக்கு. மழை பெய்தால் தெரு நனையும் என்பதற்காக, நனைந்த தெருவைக் கண்டவுடன் மழை என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர் லாரி போயிருக்கலாம்.

ஊடுருவு திறனில் மிகவும் வேறுபட்ட இரண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலும், பிளவே இல்லாமல், ஏறக்குறைய இதே வடிவமுள்ள கோடு வரக்கூடும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. முதல் நேர்கோடு மிகக் குறுகிய காலத்தில் முடிந்துவிடும். அந்நேரத்தில் கிணற்றுக் குழாய்க்குள் ஏற்கெனவே நிற்கும் எண்ணெய் வெளியேறும் விளைவே அளவியில் பதிவாகி, முதற்கோட்டை மறைத்துவிடும். பிளவு இருந்தும் கோடு காட்டாது. 1965-ஆம் ஆண்டிலேயே ஓடே என்னும் ஆய்வாளர், பிளவுண்ட தேக்கம் அழுத்த அளவீட்டில் பிளவற்ற தேக்கத்தைப் போலவே தோன்றக்கூடும் என்று எழுதினார். வாரன், ரூட் மாதிரி வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் எழுந்த எதிர்ப்பு அது. மாதிரியைக் கற்பிக்கும்போது இந்த எதிர்ப்பையும் சேர்த்துக் கற்பிப்பதே நேர்மையாகும்.

இரண்டாம் குறை: ஒரு கட்டி, மூன்று விடைகள்

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இந்தக் குறைதான். கட்டியிலிருந்து பிளவுக்கு வரும் ஓட்டம், கட்டியின் அளவையும் வடிவத்தையும் பொறுத்தது. இதை ஒரு வடிவ எண்ணால் குறிப்பர். பக்க நீளம் எல் உள்ள கனசதுரக் கட்டிக்கு வாரன், ரூட் தந்த மதிப்பு 60-ஐ எல்-இன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 1976-ஆம் ஆண்டில் கசேமியும் அவருடன் பணிபுரிந்தவர்களும், இரு திரவங்களைக் கையாளும் கணிப்பொறிக் கணக்கை அமைத்தபோது பயன்படுத்தியது 60 அன்று, 12. பின்னர் 1995-இல் லிம், அசீஸ் ஆகிய இருவர் பரவல் சமன்பாட்டிலிருந்தே தருவித்துப் பெற்றது, பை-யின் வர்க்கத்தைப்போல் மூன்று மடங்கு. அதாவது ஏறக்குறைய 30.

கட்டி ஒன்றே. இயற்பியலும் ஒன்றே. ஆனால் விடைகள் 60, 12, 30. ஐந்து மடங்கு வேறுபாடு! யாரும் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. கட்டிக்குள் அழுத்தம் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதைப்பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு எளிமையைக் கொண்டார்கள். வாரனும் ரூட்டும் கட்டி முழுவதற்கும் ஒரே சராசரி அழுத்தம் போதும் என்றனர். உண்மையில் கட்டியின் ஓரம் முதலில் உணரும். நடுப்பகுதி பிறகுதான் உணரும். சூடான இட்லியின் மேற்புறம் ஆறிய பிறகும் நடுவில் வாயைச் சுடுவதில்லையா, அதுபோல. தொடக்கத்தில் ஓரத்திலிருந்து விரைவாக வரும் ஓட்டத்தை ஒரே ஒரு மாறாத எண் ஒருபோதும் சரியாகச் சொல்லாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? கணக்கில் வந்த உற்பத்தியும் கிணற்றில் வந்த உற்பத்தியும் பொருந்தும்வரை இந்த எண்ணையும் கட்டியின் அளவையும் மாற்றிக்கொண்டே போகிறார்கள். பொருந்தியவுடன், "கட்டியின் அளவு 2 மீட்டர்" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். அந்த 2 மீட்டர், பாறையை அளந்து வந்த எண்ணன்று. கோட்டைப் பொருத்துவதற்காகத் திருகிய திருகின் நிலை. அதைப் பாறையின் அளவென்று அடுத்தவர் எடுத்துக்கொண்டு புதுக்கிணறு தோண்டினால் குற்றம் யாருடையது?

மூன்றாம் குறை: கேளாத கேள்விக்கு விடை

கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டி ஒன்றை எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் போடுங்கள். குமிழிகள் எழுவதைக் காண்பீர்கள். தண்ணீரை யாரும் உள்ளே தள்ளவில்லை. நுண்புழை விசையால் சாக்கு தானே நீரை உறிஞ்சி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றுகிறது. காற்றுக்குப் பதில் எண்ணெய் இருந்தால்? பாறை நீரை விரும்பும் இயல்புடையதாயின், நீரை உறிஞ்சி எண்ணெயை வெளியே தள்ளும். பிளவுண்ட பாறையில் எண்ணெய் எடுப்பதற்கான மிகச் சிறந்த வழிகளுள் ஒன்று இது. வாரன், ரூட் மாதிரியில் இருப்பதோ ஒரே திரவம். நுண்புழை விசைக்கு அங்கே இடமே இல்லை. பின்வந்தவர்கள் அதைச் சேர்த்தார்கள். ஆனால் எவ்வளவு சேர்ப்பது என்பதைச் சூத்திரம் சொல்லாது, பாறைதான் சொல்லவேண்டும்.

இதற்கு நல்ல சான்று வடகடலில் நார்வே நாட்டிற்கு உரிய எகோஃபிஸ்க் தேக்கம். 1969-ஆம் ஆண்டின் இறுதியில் கண்டறியப்பட்டு, 1971-இல் உற்பத்தி தொடங்கியது. கடலின் ஆழம் அங்கே ஏறத்தாழ 70 மீட்டர். அடித்தரைக்குக் கீழே ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் இருப்பது உண்மையான சாக்குப் பாறை. நாம் பள்ளியில் பயன்படுத்தும் கட்டிகள் இப்போது பெரும்பாலும் ஜிப்சம். எகோஃபிஸ்க் பாறையோ, நுண்ணிய கடற்பாசிகளின் சுண்ண ஓட்டுத் துணுக்குகள் படிந்து உண்டானது. அதன் நுண்துளைகள் 30 முதல் 40 சதவீதம். ஊடுருவு திறனோ 1 மில்லிடார்சி அளவில்தான். ஓட்டத்தைத் தருவன பிளவுகளே. நாம் மேலே தாளில் போட்ட கணக்கு ஏறக்குறைய இந்தப் பாறைக்கே பொருந்தும்.

இங்கு நீரைச் செலுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. பிளவுகள் வழியே நீர் குறுக்கு வழியில் ஓடி அடுத்த கிணற்றை அடைந்துவிடும், எண்ணெய் பாறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பது நியாயமான அச்சம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1949-இல் கண்டறியப்பட்ட ஸ்பிராபெரி தேக்கத்தில், கிணறுகள் தொடக்கத்தில் தாராளமாகக் கொடுத்து விரைவில் ஓய்ந்ததையும், எண்ணெயின் மிகப் பெரும்பகுதி பாறையிலேயே தங்கியதையும் எல்லாரும் பார்த்திருந்தார்கள். எகோஃபிஸ்கில் என்ன செய்தார்கள்? பாறைத் துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் நீரில் இட்டுப் பார்த்தார்கள். 1981-இல் தேக்கத்தின் ஒரு பகுதியில் மட்டும் சோதனையாக நீர் செலுத்திப் பார்த்தார்கள். சாக்கு உண்மையிலேயே நீரை உறிஞ்சியது. மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே அளவில் உறிஞ்சவில்லை என்பதும் தெரிந்தது. அதன் பின்னரே 1987-இல் பெரிய அளவில் நீர் செலுத்தத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் உள்ள எண்ணெயில் 17 அல்லது 18 சதவீதமே எடுக்க முடியும் என்று கருதப்பட்ட தேக்கம், 50 சதவீதத்திற்கும் மேல் தரக்கூடிய தேக்கமாயிற்று. கணிப்பொறிக் கணக்கு இதற்குத் துணை செய்தது. ஆனால் முடிவை அளித்தது, நீரில் இட்ட சாக்குத் துண்டு.

எகோஃபிஸ்க் மற்றொரு பாடத்தையும் வைத்திருந்தது. நம் மாதிரியில் கட்டி அசையாது. எண்ணெயைக் கொடுத்துவிட்டு அப்படியே நிற்கும். ஆனால் எண்ணெயின் அழுத்தம் குறையக் குறைய, மேலே உள்ள 3 கிலோமீட்டர் பாறையின் சுமையை மென்மையான சாக்கே தாங்கவேண்டி வந்தது. அது நொறுங்கி அமிழ்ந்தது. 1984-ஆம் ஆண்டில், கடலடித்தரை ஏறக்குறைய 3 மீட்டர் இறங்கிவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். 1987-இல் கடல்மேல் நிற்கும் இரும்பு மேடைகளின் கால்களை வெட்டி, 6 மீட்டர் உயர்த்தி, நீட்டி இணைக்கவேண்டியதாயிற்று. நீரைச் செலுத்தி அழுத்தத்தை உயர்த்தியபின் அமிழ்தல் நின்றிருக்கவேண்டும் அல்லவா? நிற்கவில்லை. நீர் சாக்கைத் தளர்த்துகிறது என்பதையும் பாறைதான் கற்றுக்கொடுத்தது.

புதிய மாதிரிகள் தீர்த்துவிட்டனவா?

"சர்க்கரைக் கட்டி பழையது, இப்போது ஒவ்வொரு பிளவையும் தனித்தனியே கணிப்பொறியில் வரைகிறார்களே" என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். ஆயிரக்கணக்கான பிளவுகளை, வெவ்வேறு நீளத்திலும் திசையிலும், வலைபோலப் பின்னும் முறை 1980-களிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. அது ஒரு முக்கியமான உண்மையைக் கற்பித்தது: பிளவுகள் எத்தனை என்பதைவிட, அவை ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதே பெரிது. தொடாத ஆயிரம் பிளவுகளால் பயனில்லை. ஒழுங்காக அடுக்கிய கட்டிகளில் எல்லாப் பிளவும் எல்லாவற்றையும் தொடும், இயற்கையில் அப்படியில்லை.

ஆனால் அந்த வலையை வரைய வேண்டிய விவரம் எங்கிருந்து வருகிறது? பிளவுகள் பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும், கிணறும் செங்குத்து. 5 மீட்டருக்கு ஒன்றாக உள்ள செங்குத்துப் பிளவுகளை, 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கிணறு தொடும் வாய்ப்பு நூற்றில் 4-தான். ஒரு பிளவும் காணாத கிணற்றை வைத்து, பாறையில் பிளவே இல்லை என்று எழுதிவிட எவ்வளவு எளிது! இப்படித் திசையால் வரும் பிழையை ரூத் டெர்சாகி என்னும் பெண் அறிவியலார் 1965-இலேயே விளக்கித் திருத்தமும் சொன்னார். கிணற்றில் சில சென்டிமீட்டர் அளவில் பிளவுகளைப் பார்க்கிறோம். நிலநடுக்க அலைமுறையில் பல மீட்டர் பெயர்ந்த பெரிய பிளவுகளை மட்டும் பார்க்கிறோம். எண்ணெயைச் சுமந்து செல்லும் பிளவுகள் இந்த இரண்டுக்கும் நடுவில், நாம் காணாத இடத்தில் இருக்கின்றன. அந்த இடத்தை நிகழ்தகவால் நிரப்புகிறோம். வண்ணத்தில் அச்சிட்ட படத்தில் எது கண்டது, எது நிரப்பியது என்ற வேறுபாடு தெரிவதில்லை. சர்க்கரைக் கட்டியைப் பார்ப்பவர் எவரும் இது பாறையன்று என்று உடனே அறிவார். புதிய படத்தின் ஆபத்து, அது பாறையைப் போலவே இருப்பதுதான்.

வியட்நாமின் பாக் ஹோ என்னும் தேக்கத்தில் 1988-இல் கருங்கல் இனத்து அடிப்பாறையிலிருந்து எண்ணெய் பெருகி வந்தது. அங்கே கட்டி ஏறக்குறைய வெறுங்கல். பிளவுகளும் அவற்றை ஒட்டிச் சிதைந்த பகுதிகளுமே எண்ணெயை வைத்தும் இருக்கின்றன, கொடுக்கவும் செய்கின்றன. வீட்டில் ஆளே இல்லை, எல்லாரும் தெருவில். நெல்சன் என்னும் நிலவியலார் 1985-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய தேக்கங்களைத் தனி வகையாகவே பிரித்தார். நம் நாட்டிலும் காவிரிப் படுகையிலும் மும்பைக் கடற்பகுதியிலும் அடிப்பாறைப் பிளவுகளில் எண்ணெய் கண்டறியப்பட்டுள்ளது. எனவே இது நமக்குத் தொலைவான செய்தியன்று. பிரிட்டனில் ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே, இவ்வகை அடிப்பாறைத் தேக்கமான லங்காஸ்டரில் 2019-இல் உற்பத்தி தொடங்கியது. நவீன மாதிரிகள் எல்லாம் அங்கே இருந்தன. 2020-இல் கையிருப்பு மதிப்பீட்டைப் பெருமளவு குறைத்து அறிவிக்கவேண்டியதாயிற்று. எங்கும் ஒரே விலையில் இந்தப் பாடம் கிடைப்பதில்லை.

என் தீர்ப்பு

மாதிரி எளிமையாக இருப்பது குற்றமன்று. எளிமையாக இல்லாவிட்டால் அது மாதிரியே ஆகாது. சர்க்கரைக் கட்டி மாதிரி தன் கேள்விக்குச் சரியான விடை தந்த சிறந்த படைப்பு. கொடுப்பது வேறு, வைத்திருப்பது வேறு என்று அது கற்பித்த ஒன்றுக்காகவே அதைப் பாடத்தில் வைத்திருக்கலாம். பிழை, அதன் விடையை எடுத்து வேறு கேள்விக்குப் பொருத்துவதில் இருக்கிறது. அதனினும் பெரிய பிழை, கோட்டைப் பொருத்தத் திருகிய எண்ணைப் பாறையில் அளந்த எண்ணாக எழுதுவதில் இருக்கிறது.

நம் கற்பித்தலுக்கும் இதில் பங்குண்டு. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, எண்களைப் பதிலிட்டு, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிடுகிறோம். இந்தச் சூத்திரம் எந்தக் கேள்விக்காகப் பிறந்தது, எதைத் தெரிந்தே விட்டுவிட்டது என்று எழுதுவதில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. நானும் இத்தனை ஆண்டுகள் அப்படியே நடத்தியிருக்கிறேன்.

போர் பற்றிக் கேட்ட அந்த மாணவருக்கு நான் அன்று வகுப்பில் தெருவும் வீடும் என்ற உவமையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே அடுத்த கேள்வி: "அப்படியானால் அடுத்த போரை எங்கே போட்டால் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாமா சார்? அப்பா கடன் வாங்கப் போகிறார்." கரும்பலகையில் இரண்டு இணைகோடுகள் அழகாக நின்றன. சொல்ல முடியாது என்றேன். ஏன் முடியாது என்பதைச் சொல்ல அந்த மணி நேரம் போதவில்லை. ஆனால் ஒன்று சொன்னேன்: இருக்கிற போரில் மோட்டாரை ஓட்டி, நீர்மட்டம் இறங்குவதையும், நிறுத்தியபின் ஏறுவதையும் மணிக்கு மணி குறித்து வரச் சொல்லு, அளந்த எண் கையில் இருந்தால், அதை வைத்து நிலவியல் தெரிந்தவரிடம் பேசலாம், கடன் வாங்குமுன்.

ஒரு வாரம் கழித்து, கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கம் எண்களை எழுதிக்கொண்டு வந்தார். நேரம் ஒரு பத்தி, நீர்மட்டம் ஒரு பத்தி. வரைபடத் தாளில் குறித்தோம். நேர்கோடு ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. ஆயினும் அந்த இரண்டு பக்கங்கள், நான் எழுதிய எந்தச் சமன்பாட்டைவிடவும் அந்தத் தோட்டத்தின் பாறையைப் பற்றி அதிகம் அறிந்திருந்தன.